மஞ்சளில் நின்ற சிக்னல்

கன்னியம்மாவை டிரெய்லர் இடித்துத் தள்ளிய அன்று ஏஞ்சல் போட்ட வீடியோவை ஊர் உலகமே பார்த்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பெரிய சாலை அது. ஒரு பக்கம் பஸ் நிறுத்தம், எதிர்ப்பக்கம் கம்பெனி கேட்டு. ஷிப்டு விட்டதும் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடந்தாக வேண்டும். இரும்புச் சுருள் ஏற்றிய வண்டிகளும் டேங்கர்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருவதும் அந்த நேரத்தில்தான். பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் கன்னியம்மா பாதிச் சாலையில் தயங்கி நின்றாள். முன்னே போவதா, திரும்பி வருவதா என்று அவள் முடிவெடுப்பதற்குள் வண்டியின் ஓரம் அவளைத் தூக்கி எறிந்துவிட்டது. இடது கால் எலும்பு முறிந்தது.

அவளை ஆட்டோவில் ஏற்றியவர்களில் ஏஞ்சலும் ஒருத்தி. அதே கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். பி.காம். படித்தவள். 'கும்மிடி குரல்' என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்தி வந்தாள். ஆட்டோ கிளம்பிப் போனதும் போனை எடுத்து, சாலையில் கிடந்த ஒற்றைச் செருப்பைக் காட்டி, "இங்க ஒரு சிக்னல் வெக்க இன்னும் எத்தினி பேர் உழணும்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பற்றிக்கொண்டது. யார் யாரோ பகிர்ந்தார்கள். டி.வி.க்காரர்கள் வந்தார்கள். சில வாரங்களில் அந்த இடத்தில் கம்பம் நட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகளும், நடப்பவர்கள் அமுக்குவதற்கு ஒரு பொத்தானும் வைத்து, ரிப்பன் வெட்டித் திறந்துவிட்டார்கள். 'நாம் ஜெயித்துவிட்டோம்' என்று ஏஞ்சல் எழுதினாள். இதயக் குறிகள் மழையாகக் கொட்டின.

அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அப்பா ஜெரால்ட் ரோலிங் மில்லில் வேலை செய்கிறவர். தினமும் பைக்கில் கூட்டி வந்து பின்பக்க கேட்டில் இறக்கிவிடுவார். ஏஞ்சலுக்கு அந்தச் சாலையைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை.

கால் கூடி, கைத்தடியோடு கன்னியம்மா வேலைக்குத் திரும்பிய அன்று ஏஞ்சல் அவளிடம் ஓடிப்போய், உங்களால்தான் சிக்னல் வந்தது அக்கா என்று பெருமையாகச் சொன்னாள்.

கன்னியம்மா புரியாமல் பார்த்தாள். "எந்த சிக்னலு? அந்த மஞ்ச பல்பா?"

சாயங்காலம் கன்னியம்மாவே அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்க் காட்டினாள். கம்பத்தில் மஞ்சள் விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. திறந்த முதல் வாரத்திலேயே அப்படி ஆகிவிட்டதாம். பொத்தானை அமுக்கினால் எதுவும் நடக்கவில்லை. மஞ்சள் சிமிட்டினால் பார்த்துப் போகலாம் என்று அர்த்தம். ஓட்டுநர்கள் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். பெண்கள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பற்றிக்கொண்டு, பழையபடி குறுக்கே ஓடினார்கள்.

"உன் போன்ல ஜெயிச்சிட்டோம், ஏஞ்சலு. ரோட்டுல இன்னும் ஓடிக்கினுதான் கீறோம்" என்றாள் கன்னியம்மா. அதில் கோபமே இல்லை. அதுதான் ஏஞ்சலுக்கு அதிகமாக உறைத்தது.

அன்றிரவே இன்னொரு வீடியோ போட்டாள். முன்பு போல அது ஓடவில்லை. 'அதான் ஜெயிச்சாச்சே' என்றார் ஒருவர். இன்னொருவர் எந்தக் கட்சி ஆட்சியில் எத்தனை சிக்னல் வந்தது என்று ஆரம்பிக்க, அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று வாரம் முழுவதும் சண்டை நடந்தது. ஏஞ்சலும் ஒவ்வொருவருக்கும் விடாமல் பதில் எழுதினாள். வாரக் கடைசியில் போனை வைத்துவிட்டு யோசித்தபோது, தான் எழுதியதில் ஒரு வரிகூட அந்தக் கம்பத்தைத் தொடவில்லை என்று தோன்றியது.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, பெரியபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் திருவள்ளூருக்குப் போனாள். கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தாள். அங்கிருந்தவர்கள் ஒரு அறையைக் காட்டி அனுப்பினார்கள். அங்கே சுமலதா என்கிற இளம் பொறியாளர் இருந்தார். மாவட்டத்துச் சிக்னல்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஏஞ்சல் வாயைத் திறப்பதற்குள்ளேயே, அந்தச் சிக்னலா என்று கேட்டுப் பெருமூச்சு விட்டார்.

சுமலதா எதையும் மறைக்கவில்லை. சிக்னலைப் பொருத்திய ஒப்பந்தக் கம்பெனி மூடப்பட்டுவிட்டது. அவரே பலமுறை நேரில் போய்ச் சாவி போட்டு ஓட வைத்திருக்கிறார், திரும்பத் திரும்ப மஞ்சளுக்கே போய்விடுகிறது. புது இயந்திரத்துக்குக் கேட்டு எழுதியிருக்கிறார், அது எப்போது வரும் என்று தெரியாது. கம்பத்தின் அடியில் இருக்கும் பெட்டிக்குள் ஒரு கார்டு இருக்கிறது. அதிலுள்ள சின்னச் சிப்புதான் எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று சொல்கிறது. சுமலதாவின் சந்தேகமெல்லாம் அந்தச் சிப்புக்குள் இருக்கும் புரோகிராம் மீதுதான். அதை எழுதிய மூலப் பிரதியோ யாரிடமும் இல்லை.

"புதுசா ஒண்ணு எழுதினா?" என்று கேட்டாள் ஏஞ்சல்.

"யார் எழுதுவா?"

"நான் எழுதறேன், மேடம்."

சொன்ன பிறகுதான் ஏஞ்சலுக்கே திக்கென்றது. சிப்புக்குள் புரோகிராம் எப்படிப் போகும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. சுமலதா சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து, அதே மாதிரியான உபரிக் கார்டு ஒன்றை எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். பழுதுபார்க்கும் அதிகாரம் தனக்கு உண்டு, ஆனால் மேஜையில் வைத்துத் தான் சோதிக்காமல் எதுவும் கம்பத்துக்குப் போகாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் பக்கத்தில் தௌஹீத் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். ஏஞ்சலின் போன் கண்ணாடியை இரண்டு முறை மாற்றிக் கொடுத்தவர். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புரோகிராம்லாம் நம்பளுக்குத் தெரியாதும்மா. ஈயம் உருக்கி சூடு வெக்கத் தெரியும், அவ்ளோதான்" என்றார். ஆனாலும் கடையின் உள்பக்கம் ஒரு மேஜையைக் காலி செய்து கொடுத்தார். கணினியிலிருந்து சிப்புக்குப் புரோகிராம் ஏற்றும் ஒயரையும் தேடிப்பிடித்து வாங்கி வந்தார்.

முதல் சில வாரங்கள் ஏஞ்சல் யூடியூபில் பாடங்களாகப் பார்த்தாள். பார்க்கும்போது எல்லாம் புரிந்தது. கணினியைத் திறந்து சொந்தமாக ஒரு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தால் மனசு வெறுமையாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கடைக்கு வந்தவள், எல்லா வீடியோக்களையும் மூடினாள். சிப்பைச் செய்தவர்கள் எழுதிய தடித்த விளக்கப் புத்தகத்தைக் கணினியில் திறந்தாள். இன்றைக்கு ஒரே ஒரு குட்டி விளக்கை எரிய வைத்தால் போதும் என்று முடிவு செய்தாள்.

அந்த ஒரு விளக்கு அவளைப் படாத பாடு படுத்தியது. எழுதி ஏற்றினாள், எரியவில்லை. மாற்றி எழுதினாள், எரியவில்லை. தௌஹீத் சாப்பிட்டு வந்து பார்க்கும்போதும் அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் புத்தகத்தின் நடுவில் ஒரு படம் கண்ணில் பட்டது. சிப்பின் ஒவ்வொரு உலோகக் காலும் பேச வேண்டுமா, கேட்க வேண்டுமா என்பதை முதலில் அதற்குச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று எட்டு சுவிட்சுகளின் வரிசை ஒன்று இருக்கிறது. அவள் விளக்கு மாட்டிய கால் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறது. பூஜ்யமாக இருந்த ஒரு சுவிட்சை ஒன்றாக மாற்றினாள். சிவப்பாக எரிந்தது. ஏஞ்சல் அதைத் தொட்டுப் பார்த்தாள். அணைத்தாள், மறுபடி எரிய வைத்தாள். லட்சம் பேர் பார்த்த வீடியோ கொடுக்காத ஒரு நிறைவு நெஞ்சுக்குள் பொங்கியது. தௌஹீத் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்து இரண்டு டீ சொன்னார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடையும் ஒரு பாடமானது. பொத்தானை ஒரு தடவை அமுக்கினால், உள்ளே தகடு அதிர்வதால், சிப் அதைப் பல தடவையாக எண்ணியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்த்து, இன்னும் அமுங்கித்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்து கொள்ள அதற்குக் கற்றுக்கொடுத்தாள். வண்டிக்குச் சிவப்பு விழுந்து, ஓடிவரும் வண்டிகள் நிற்க இடைவெளி விட்டு, அப்புறம்தான் நடப்பவர்களுக்குப் பச்சை. இப்படி வரிசை வரிசையாக எழுதி முடித்து, மேஜை மேல் குட்டி விளக்குகளால் ஒரு சாலையே அமைத்துவிட்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் கன்னியம்மா கடைக்கு வந்து பொத்தானை அமுக்கிப் பார்ப்பாள். இந்த நேரத்துக்குள் என்னால் தாண்ட முடியாது, இன்னும் கொஞ்சம் நீட்டு என்பாள். ஏஞ்சல் நீட்டுவாள்.

கார்டை எடுத்துக்கொண்டு திருவள்ளூர் போனபோது ஏஞ்சலுக்கு மிதப்பாகத்தான் இருந்தது. சுமலதா எல்லாவற்றையும் நிதானமாக ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு வண்டிகளுக்கான சிவப்பு விளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். நடப்பவர்களுக்குப் பச்சை எரிந்தது.

"பல்பு ஃபியூஸ் போயிடுச்சு. டிரைவருக்குச் சிவப்பே தெரியல. நீங்க ஜனங்களை நடக்கச் சொல்றீங்க, ஏஞ்சல்" என்றார் சுமலதா.

ஏஞ்சலுக்கு வேர்த்துவிட்டது. கன்னியம்மா கைத்தடியோடு நடுச்சாலையில் நிற்பது மாதிரி கண்ணில் தெரிந்தது. விளக்கில் நிஜமாகவே மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்லும் பாகம் கார்டிலேயே இருக்கிறது என்று சுமலதா காட்டினார். ஏஞ்சல் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போயிருந்தாள். திரும்பி வந்து முதலிலிருந்து படித்தாள். அடுத்த முறை சுமலதா எந்த ஒயரைப் பிடுங்கினாலும் பச்சை எரிய மறுத்தது. கம்பத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை காலை சுமலதா வந்து பெட்டியைத் திறந்து கார்டை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சிக்னல் உயிர் பெற்றது. கேட்டில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். இரண்டு மூன்று முறை வண்டிகள் நின்றன, ஜனங்கள் கடந்தார்கள். சுமலதா வேறு வேலையாகக் கிளம்பிப் போனார். அவர் ஜீப் மறைந்த சற்று நேரத்தில் எல்லா விளக்கும் ஒரு கணம் அணைந்தது. பிறகு மஞ்சள் மட்டும் சிமிட்ட ஆரம்பித்தது.

கூட்டத்தில் யாரோ அதைப் படமெடுத்தார்கள். 'லைக்குக்காக ஜனங்க உயிரோட விளையாடுற அக்கா' என்று மதியத்துக்குள் அது எல்லார் கைக்கும் போய்விட்டது. ஏஞ்சலின் முதல் வீடியோவை விட வேகமாக ஓடியது. அவளுடைய பக்கத்திலேயே வந்து திட்டினார்கள். கணக்கு எழுதுறவளுக்கு எதுக்கு இந்த வேலை என்றார்கள். ஏஞ்சல் நீளமாக ஒரு பதிலை எழுதினாள். முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தாள். எல்லாமே நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் சிக்னல் ஏன் மஞ்சளுக்குப் போனது என்பது அதில் இல்லை. முழுவதையும் அழித்துவிட்டு, போனை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

மேஜையில் நாள் முழுக்க ஓடிய புரோகிராம் சாலையில் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? மஞ்சள் சிமிட்டுவது அவளே எழுதியதுதான். சிப் புதிதாக விழித்தெழுந்தால், ஒரு ஆள் வந்து சாவி போடும்வரை மஞ்சளில் இருக்க வேண்டும் என்று மூடப்பட்ட அந்த ஒப்பந்தக் கம்பெனியின் பழைய குறிப்பில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். அப்படியானால் ஓடிக்கொண்டிருந்த சிப் நடுவில் மயங்கி விழுந்து, மறுபடி விழித்திருக்கிறது. ஏன் மயங்கியது? தான் கடைசியாக எதனால் விழித்தேன் என்பதைச் சிப் ஒரு ரெஜிஸ்டரில் குறித்து வைத்துக்கொள்ளும் என்று படித்தது நினைவு வந்தது. ஏஞ்சல் சுமலதாவிடம் போனில் கேட்டுக்கொண்டு அதற்குச் சில வரிகள் எழுத, அவர் சோதித்துப் பார்த்துவிட்டு வந்து, பெட்டிக்கு வெளியே தெரியும்படி ஒரு குட்டி விளக்கும் மாட்டி, சாவி போட்டு ஓடவிட்டார். மின்சாரம் புதிதாக வந்து விழித்தால் ஒரு முறை சிமிட்டும், மின்னழுத்தம் தாழ்ந்து மயங்கி விழித்தால் இரண்டு முறை.

சிக்னலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் ஏஞ்சலும் கன்னியம்மாவும் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் கன்னியம்மாதான் டீக்கடை பல்பைப் பார்த்து, இது ஏன் இப்படி மங்குகிறது என்று கேட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு உருக்கும் கரண்ட் உலையைப் போட்டார்கள் என்றால் எப்போதும் இப்படித்தான் என்றார் கடைக்காரர். ஏஞ்சல் எழுந்து சாலையைப் பார்த்தாள். சிக்னல் மஞ்சளுக்குப் போயிருந்தது. பெட்டியின் குட்டி விளக்கு இரண்டு முறை சிமிட்டி நின்று, மறுபடி இரண்டு முறை சிமிட்டியது.

"அக்கா, கண்டுபுட்சிட்டேன்" என்றாள் ஏஞ்சல்.

அவ்வளவுதான் விஷயம். உலையைப் போடும்போதெல்லாம் மின்னழுத்தம் தாழ்கிறது. சிப் ஒரு நொடி மயங்குகிறது. விழித்ததும், வரவே போகாத ஒரு ஆளுக்காக மஞ்சளைச் சிமிட்டிக்கொண்டு காத்திருக்கிறது. திறப்பு விழா நடந்த வாரத்திலிருந்து இதுதான் நடந்திருக்கிறது.

மின்சாரம் தாழ்ந்தாலும் சற்று நேரம் தாக்குப் பிடிக்கும்படி தௌஹீத் கார்டில் பெரிய கெபாசிட்டர் ஒன்றைச் சூடு வைத்து ஒட்டினார். அதையும் மீறி மயங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஏஞ்சல் எழுதினாள். விழித்ததும் எதனால் விழித்தோம் என்று பார். எல்லாப் பக்கமும் சிவப்பு போடு. விளக்குகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதி. சரியாக இருந்தால் யாரையும் எதிர்பார்க்காமல் வேலையைத் தொடங்கு. சுமலதா அதை வரிவரியாகப் படித்தார். மேஜையில் மின்சாரத்தைத் தாழ்த்தியும் உயர்த்தியும் வேண்டிய மட்டும் படுத்திப் பார்த்தார். பிறகு சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். எழுதியவர் என்ற இடத்தில் ஏஞ்சலைப் போடச் சொன்னார்.

இந்த முறை ஏஞ்சல் யாருக்கும் அறிவிக்கவில்லை. ஆனாலும் ஷிப்டு விடும் நேரத்தில் கேட்டில் வழக்கத்தை விடக் கூட்டம். சுமலதா கிளம்பாமல் பெட்டியருகே நின்றார். தௌஹீத் கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு வந்திருந்தார். சிக்னல் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை நம்பவில்லை. எப்போது மஞ்சளுக்குப் போகும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீக்கடை பல்பு மங்கியது. கம்பத்தில் எல்லா விளக்கும் அணைந்தது. ஏஞ்சல் மூச்சை அடக்கிக்கொண்டாள். எல்லாப் பக்கமும் சிவப்பு எரிந்தது. வண்டிகள் நின்றன. விளக்குகள் ஒவ்வொன்றாக மினுக்கி அடங்கின. பிறகு வண்டிகளுக்குப் பச்சை விழுந்து, எதுவுமே நடக்காதது போலச் சாலை ஓட ஆரம்பித்தது. சுமலதா மெல்ல ஏஞ்சலின் தோளைத் தட்டினார். "இப்போ அமுக்கச் சொல்லுங்க" என்றார்.

கன்னியம்மா பொத்தானை அமுக்கினாள். மஞ்சள், அப்புறம் சிவப்பு. இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் ஒன்று பிரேக் முனக வந்து கோட்டுக்கு முன்னால் நின்றது. அதன் பின்னால் ஒரு டேங்கர், அதன் பின்னால் இன்னொன்று. டிரெய்லர் ஓட்டுநர் ஒருமுறை ஹாரன் அடித்துப் பார்த்தார். சிவப்பு அசையவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே முழங்கையை வைத்துக்கொண்டார்.

பச்சை எரிந்ததும் பெண்கள் பழக்கத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள். கன்னியம்மா நடுச்சாலையில், முன்பு தயங்கி நின்ற அதே இடத்தில், கைத்தடியை ஊன்றி நின்று திரும்பினாள்.

"இன்னாத்துக்குடி ஓட்றீங்க? நடங்கடி" என்றாள்.

அவர்கள் நின்றார்கள். ஒருத்தி சிரித்தாள். பிடித்திருந்த சேலையை விட்டாள். அப்புறம் எல்லாரும் நடந்தார்கள். சாப்பாட்டுக் கூடையை ஆட்டிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி அந்தச் சாலையில் நடந்தார்கள். எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்த கன்னியம்மா கைத்தடியை உயர்த்திக் காட்டினாள். ஏஞ்சலுக்கு அதைப் படமெடுக்கவே தோன்றவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் நின்றாள்.

வேறு யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் போனது. திட்டியவர்களே வந்து வாழ்த்தினார்கள். ஏஞ்சல் யாருக்கும் பதில் எழுதவில்லை. மாவட்டத்தில் இதே கார்டு மாட்டிய வேறு சிக்னல்களும் மஞ்சளில் நிற்கின்றன என்று சுமலதா சொல்லியிருந்தார். ஏஞ்சல் தன் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் எழுதினாள்: அடுத்த ஞாயிறு மதியம் தௌஹீத் பாய் கடையில் வேலை ஆரம்பிக்கிறது, புரோகிராம் தெரியாதவர்களும் வரலாம், கை சும்மா இருந்தால் போதும்.

ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தது ஐந்து பேர். பேக்கிங் செக்‌ஷனிலிருந்து திலகவதி, பாலிடெக்னிக் படிக்கும் ஜெபா, இன்னும் மூன்று பேர். ஏஞ்சலுக்கு அதுவே பெரிய கூட்டமாகத் தெரிந்தது. திலகவதி வந்த வேகத்தில் கார்டை எடுத்து, காட்டாத இடத்தில் ஒயரைச் சொருகினாள். படாரென்று ஒரு பொறி பறந்தது. கடையில் விளக்கு, மின்விசிறி எல்லாம் நின்றுவிட்டது. தௌஹீத் தலையில் கையை வைத்துக்கொண்டார். திலகவதி பயந்துபோய் ஏஞ்சலைப் பார்த்தாள். ஏஞ்சல் கண்ணில் நீர் வரச் சிரித்தபடி ஃபியூஸ் கட்டையைக் கழற்ற ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவளுக்கு முன்பே திலகவதி அதில் ஏறி நின்று, கையை மேலே நீட்டிவிட்டாள்.